நச்சுச் சூழலில் வேலை: மனம் தளராமல் இருப்பது எப்படி?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்துக்குப் பிறகு கம்யூனிட்டி ஹாலில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாத பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம். – ஆசிரியர் குழு)



டேங்கர் தண்ணீர் கணக்கு, லிஃப்ட் ஏ.எம்.சி., விசிட்டர் பார்க்கிங் தகராறு எல்லாம் பேசி முடித்து, காபியும் ஆறிப்போன நேரத்தில் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்தத் தலைப்பை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்றே ஒரு தம்பி எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினார். "அங்கிள், வரணும்னு ஆசைதான். ஆனா எங்க மேனேஜரும் நம்ம டவர்தான். நான் வந்து உட்கார்ந்தா அவர் என்ன நினைப்பார்?" அவர் இன்றைக்கு வரவில்லை. நம் நியூஸ்லெட்டரில் எழுத்தாக வரும்போது படித்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். ஒரு கூட்டத்துக்குப் போவதற்கே பயப்பட வைக்கிற மேனேஜர் என்றால், தலைப்பைப் பற்றி நான் விளக்கவே வேண்டாம்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் கம்பெனிகளில் பணியாளர் நிர்வாகம் பார்த்தவன். ஹெச்.ஆர். என்று பெயர் மாறுவதற்கு முன்னால் அதை 'பர்சனல்' என்பார்கள். நான் டாக்டர் இல்லை, மனநல ஆலோசகரும் இல்லை. புகாரோடு வந்தவர்களையும், ராஜினாமாக் கடிதத்தோடு வந்தவர்களையும், ஒன்றும் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனவர்களையும் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தவன். அங்கே பார்த்ததையும், பிறகு படித்ததையும் வைத்துப் பேசுகிறேன்.

முதலில் கஷ்டமான வேலையையும் நச்சு பிடித்த இடத்தையும் பிரித்துக்கொள்வோம். மார்ச் கடைசியில் ஆடிட்டர் ஆபீஸில் இருப்பவர் வீடு திரும்ப இரவு பதினொன்று ஆகும். ஆஸ்பத்திரி கேஷுவல்டியில் நர்ஸாக இருப்பவருக்கு உட்காரவே நேரம் இருக்காது. அது கஷ்டம். ஆனால் வேலை முடிந்ததும் ஒரு திருப்தி இருக்கும், கூட இருப்பவர்கள் மேல் ஒரு பாசம்கூட வரும். நச்சு பிடித்த இடத்தில் வேலை குறைவாக இருந்தாலும் களைப்பு குறையாது. அங்கே விதி ஆளுக்கு ஆள் மாறும். பத்து பேர் முன்னால் திட்டுவார்கள், பாராட்டு என்றால் யாருக்கும் தெரியாமல் நடக்கும், அல்லது நடக்கவே நடக்காது. நீங்கள் செய்த வேலை வேறொருவர் பெயரில் மேலே போகும். முக்கியமான மீட்டிங் நடந்தது உங்களுக்கு மறுநாள்தான் தெரியும். அக்கா கல்யாணத்துக்கு லீவு கேட்டால், கடன் கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க என்னிடம் ஒரே ஒரு சோதனைதான் உண்டு. உங்கள் ஆபீஸில் ஒருவர், "இதில் நான் தப்பு செய்துவிட்டேன்" என்று தைரியமாக வாய்விட்டுச் சொல்ல முடியுமா? ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990-களில் ஆஸ்பத்திரி நர்ஸ் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கு தலைகீழாக வந்தது. நன்றாக நடக்கும் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகி இருந்தன. காரணம், அவர்கள் அதிகம் தவறு செய்ததல்ல. அங்கே தவறை வெளியே சொல்லப் பயமில்லை. மற்ற இடங்களில் மூடி மறைத்தார்கள். தப்பை ஒப்புக்கொள்ள முடியாத இடத்தில், கூரையில் எத்தனை பலூன் கட்டி வெள்ளிக்கிழமை பார்ட்டி வைத்தாலும், காற்று சரியில்லை என்றுதான் அர்த்தம்.

சரி, அப்படிப்பட்ட இடத்தில் மாட்டிக்கொண்டவருக்கு நாம் வழக்கமாக என்ன சொல்கிறோம்? "எல்லா இடத்திலும் இப்படித்தான்பா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." நம் ஊரில் அதிகம் செலவாகும் ஆலோசனை இதுதான். அம்மா அப்பா சொல்வார்கள், மாமனார் சொல்வார், பக்கத்து ஃபிளாட்டில் இருப்பவர் சொல்வார். கம்பெனிகள் இதையே அழகாகச் சொல்கின்றன: யோகா வகுப்பு, தியான ஆப், 'மன உறுதிப் பயிற்சி' என்று ஒரு நாள் ரிசார்ட். யோகாவைக் குறை சொல்லவில்லை, நானே காலையில் மொட்டை மாடியில் செய்கிறேன். ஆனால் திட்டுகிற மேனேஜரை அப்படியே வைத்துவிட்டு, திட்டு வாங்குகிறவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவது எந்த ஊர் நியாயம்? ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தகவலை வைத்து ஓர் ஆய்வை 2024-ல் வெளியிட்டார். இப்படிப்பட்ட தனிநபர் பயிற்சிகளில் கலந்துகொண்டவர்களின் மனநலம், கலந்துகொள்ளாதவர்களைவிட எந்த வகையிலும் நன்றாக இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன், நம் சங்கத்துக்குச் சம்பந்தப்பட்டது.

உலக சுகாதார அமைப்பே இதில் தெளிவாக இருக்கிறது. வேலையால் ஆள் தீய்ந்துபோவதை 'பர்ன் அவுட்' என்கிறோமே, அதை 2019-ல் தன் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11-ல் விளக்கி எழுதியது. அதை நோய் என்று வகைப்படுத்தவில்லை, வேலை சார்ந்த நிகழ்வு என்றது. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட வேலை இட மன அழுத்தத்தின் விளைவு என்றது. அடையாளம் மூன்று: சக்தி வற்றிப்போவது, வேலையின் மேல் வெறுப்பும் விலகலும் வருவது, 'என்னால் எதுவும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை' என்ற எண்ணம். அதாவது கோளாறு உங்கள் மூளையில் முளைத்தது இல்லை. நீங்கள் நிற்கிற இடத்தில் இருந்து வந்தது.

இதை நீதிமன்றமே சொன்ன கதை ஒன்று உண்டு. பிரான்ஸ் நாட்டின் பெரிய தொலைபேசி நிறுவனம் பிரான்ஸ் டெலிகாம், இப்போது ஆரஞ்ச் என்று பெயர். அரசுத் துறையாக இருந்து தனியார் கைக்குப் போனது. 2006 முதல் 2008 வரை, சுமார் 1,20,000 ஊழியர்களில் 22,000 பேரை வெளியே அனுப்புவது என்று திட்டம் போட்டார்கள். பெரும்பாலோர் அரசு ஊழியர் அந்தஸ்தில் இருந்ததால் நேராக நீக்க முடியாது. அதனால் தாங்களாகவே போகும்படி செய்ய முடிவெடுத்தார்கள். திடீர் இடமாற்றம், தெரியாத வேலையில் தள்ளுவது, இருந்த பதவியை இல்லாமல் ஆக்குவது. பலர் நொறுங்கிப்போனார்கள். பின்னால் வழக்கு வந்தபோது 39 பேருக்கு நடந்ததை நீதிமன்றம் எடுத்துப் பார்த்தது. அதில் 19 பேர் உயிரோடு இல்லை. 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: நிறுவனமும் அதன் முன்னாள் தலைவரும் குற்றவாளிகள். மேல்முறையீட்டில் சிறைத் தண்டனை குறைந்தது, ஆனால் குற்றம் நிலைத்தது. பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. ஒருவர் இன்னொருவரைக் கொடுமைப்படுத்துவது மட்டுமல்ல, ஒரு நிறுவனத்தின் கொள்கையே கொடுமையாக இருக்க முடியும் என்று அந்த வழக்கு காட்டியது.

நான் இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. அந்த ஊழியர்களில் எத்தனை பேர் இரவில் படுத்துக்கொண்டு, 'நமக்குத்தான் திறமை போதவில்லையோ' என்று நினைத்திருப்பார்கள்? நச்சுச் சூழல் முதலில் எடுத்துக்கொள்வது உங்கள் தூக்கத்தை இல்லை, உங்களைப் பற்றி உங்களுக்கு இருக்கும் கணிப்பை. பதினைந்து வருடம் நன்றாக வேலை பார்த்தவர், ஆறே மாதத்தில் ஒரு சாதாரண ஈமெயிலை நான்கு முறை திருத்தி எழுத ஆரம்பிப்பார். அதனால் மனம் தளராமல் இருப்பது என்று நான் சொல்வது பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதை அல்ல. எது என் தப்பு, எது அந்த இடத்தின் தப்பு என்று பிரித்துப் பார்க்கிற புத்தி மழுங்காமல் பார்த்துக்கொள்வதைத்தான்.

அதற்கு நான் பார்த்ததிலேயே பலன் தந்த பொருள் ஒரு நாற்பது ரூபாய் நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், யார் யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை என்ன, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், அவ்வளவுதான். "அவர் ரொம்ப மோசம்" என்று எழுதக்கூடாது. "செவ்வாய்க்கிழமை காலை 10.20, ஏழு பேர் முன்னால், இந்த வார்த்தை சொன்னார்" என்று எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் இரண்டில் ஒன்று தெரியும். ஒன்று, குறிப்பிட்ட ஆள், குறிப்பிட்ட சமயம் என்று ஒரு ஒழுங்கு தெரியும். உதாரணத்துக்கு, மேலிடத்தில் ரிவ்யூ நடக்கிற வாரமெல்லாம் உங்களுக்குத் திட்டு விழுகிறது. அது உங்களைப் பற்றியதே இல்லை. அல்லது, அவர் கத்துகிற விஷயத்தில் பாதி நியாயம் இருக்கிறது என்று தெரியும். அதுவும் லாபம்தான். அந்தப் பாதியைச் சரிசெய்துவிட்டால் மிச்சம் அவருடைய கணக்கு.

இந்த நோட்டு விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. ஆபீஸ் லேப்டாப்பில் எழுதாதீர்கள், அது உங்களுடையது இல்லை. அதே மாதிரி, ஆதாரம் சேர்க்கிறேன் என்று கம்பெனி ஃபைல்களையோ வாடிக்கையாளர் விவரங்களையோ உங்கள் சொந்த ஈமெயிலுக்கு அனுப்பாதீர்கள். பாதிக்கப்பட்டவராக இருந்தவர் அந்த ஒரே காரியத்தால் குற்றம் சாட்டப்பட்டவராக ஆனதை நான் பார்த்திருக்கிறேன். வாயால் வரும் உத்தரவுகளுக்கு வேறு வழி இருக்கிறது. மீட்டிங் முடிந்ததும் மரியாதையாக இரண்டு வரி: "சார், இன்று நீங்கள் சொன்னபடி முதலில் இதை முடிக்கிறேன், அது அடுத்த வாரத்துக்குப் போகிறது. மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்." அடுத்த வாரம் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்பது பாதி குறைந்துவிடும்.

அடுத்தது, கட்டுப்பாடு. ராபர்ட் காரசெக் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1979-ல் ஒரு கருத்தைச் சொன்னார். வேலைப் பளு மட்டும் ஆளை நோகடிப்பதில்லை. பளு அதிகமாகவும், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் உடம்பும் மனசும் கெடுகின்றன என்றார். பிறகு லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து மைக்கேல் மார்மட் தலைமையில் நடந்த 'வொயிட்ஹால்' இரண்டாம் ஆய்வும் இதையே காட்டியது. 1985-ல் 10,308 பேரோடு தொடங்கிய ஆய்வு அது. மாரடைப்பு வருவது பெரிய பொறுப்பு சுமக்கும் மேலதிகாரிகளுக்குத்தான் என்று நாம் நினைப்போம். அங்கே கீழே இருப்பவர்களுக்குத்தான் இதய நோய் அதிகம். தன் வேலையின் மேல் தனக்கே பிடி இல்லாமல் இருப்பது அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக இருந்தது.

உங்கள் மேனேஜரை உங்களால் மாற்ற முடியாது. ஆனால் நாளில் ஏதாவது ஒரு துண்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். காலையில் முதல் அரை மணி எந்த வேலையை எடுப்பது என்று நீங்களே முடிவு செய்வது. மதியச் சாப்பாட்டை மேஜையை விட்டு எழுந்து போய்ச் சாப்பிடுவது. அதெல்லாம் முடியாத இடமென்றால், ஆபீஸுக்கு வெளியே ஒன்று. உங்களுக்கு நன்றாக வருகிற, யாரும் அப்ரைசல் எழுதாத ஒன்று. நம் பி பிளாக் மாடித் தோட்டத்தில் சனிக்கிழமை காலை தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டுகிறவர்களில் இரண்டு பேர் வாரம் முழுக்கத் திட்டு வாங்குகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே அவர்கள் சொல்வதுதான் சட்டம். பூச்சி வந்தால் வேப்ப எண்ணெயா, மிளகாய்க் கரைசலா என்று அவர்கள்தான் முடிவெடுக்கிறார்கள்.

ஃபிளெமிங் ஆய்வில் ஒரு விதிவிலக்கு என்றேனே, அது இங்கேதான் வருகிறது. தன்னார்வத் தொண்டு. பிறருக்காக ஏதாவது செய்யப் போனவர்கள் மட்டும் சற்று நன்றாக இருந்தார்கள். சங்கத்துக்கு ஆள் சேர்க்கச் சொல்கிறேன் என்று செயலாளர் சிரிக்கிறார், பரவாயில்லை, இரண்டு வேலையும் நடக்கட்டும்.

இப்போது வீட்டு வாசலுக்கு வருவோம். நம் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் இரவு எட்டு மணிக்கு மேல் நடந்து பாருங்கள். வண்டியை நிறுத்திவிட்டு, இஞ்சினை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருப்பவர்கள் இருப்பார்கள். வீட்டில் பிரச்சினை போலிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் ஆபீஸை இறக்கி வைத்துவிட்டு மேலே போகப் பார்க்கிறார்கள். அது தப்பில்லை, உண்மையில் அது நல்ல வழி. வேலையில் இருந்து மனம் விலகுவதைப் பற்றியே பல வருடமாக ஆராய்ந்து வருபவர் ஜெர்மனியின் சபீனா சொன்னன்டாக். ஓய்வு நேரத்தில் வேலையை மனதளவில் விட்டவர்களுக்குக் களைப்பு குறைவு என்பது அவருடைய முடிவு. அதிலேயே ஒரு வேதனையும் இருக்கிறது: யாருக்கு அழுத்தம் அதிகமோ, யாருக்கு இந்த விலகல் அதிகம் தேவையோ, அவர்களுக்குத்தான் அது கைவருவது கடினம். படுக்கையில் அந்த மீட்டிங் மறுபடி மறுபடி ஓடும்.

அதனால் மனசைக் கட்டுப்படுத்தப் பார்க்காதீர்கள், பொருளைக் கட்டுப்படுத்துங்கள். ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப்பை மியூட் செய்யுங்கள். முடிந்தால் ஆபீஸ் மெயிலைச் சொந்த போனில் இருந்து எடுத்துவிடுங்கள். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் லேப்டாப்பை மூடி, பையில் போட்டு, அலமாரியில் வையுங்கள். சாப்பாட்டு மேஜையில் திறந்து கிடக்கிற லேப்டாப் என்றால் மேனேஜரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். பிறகு கீழே இறங்கி ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். பிரான்ஸில் 2017-லிருந்து வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. நம் ஊரில் அப்படி இல்லை. அதனால் மெதுவாக, ஒரு மணி நேரம் தாமதித்துப் பதில் சொல்லிப் பழக்க வேண்டியதுதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கதவைத் திறந்ததும் "இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். முகம் கழுவட்டும், டீ குடிக்கட்டும். சொன்னால் கேளுங்கள். "நீ ஏன் திருப்பிக் கேட்கலை?" என்பது கேட்பவருக்கு வீரம், திட்டு வாங்கிவிட்டு வந்தவருக்கு இன்னொரு திட்டு.

இனி பணம். மனநலம் பற்றிப் பேசும்போது பணத்தைப் பேசாமல் விடுவது எனக்குப் பிடிக்காது. நம் வளாகத்தில் பாதிப் பேர் காலில் இருக்கிற சங்கிலியின் பெயர் இ.எம்.ஐ. இந்த ஃபிளாட்டுக்கே அதைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம். நாளைக்கே விட்டுவிடலாம் என்று யாரிடமும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு மாத வீட்டுச் செலவும் தவணையும் தனியாக ஒரு கணக்கில் இருந்தால், நீங்கள் வேலையை விடாவிட்டாலும் மீட்டிங்கில் உட்காரும் விதமே மாறிவிடும். போக முடியும் என்று தெரிந்தவரை மிரட்டுவது கஷ்டம். ஆறு மாதம் பெரிதாகத் தெரிந்தால் இரண்டு மாதத்தில் ஆரம்பியுங்கள். கூடவே உங்கள் வேலை நியமன உத்தரவை எடுத்து நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று படியுங்கள். ஐந்து வருடம் முடிய சில மாதங்களே இருந்தால் கிராஜுவிட்டியைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும், அதனால் குடும்பத்துக்குத் தனியாக ஒரு பாலிசி இருக்கட்டும். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, காப்பீட்டு நிறுவனங்கள் உடல் நோய்க்கு நிகராக மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும். ஏஜென்ட் "அதெல்லாம் கவர் ஆகாது சார்" என்றால் எழுத்தில் கேளுங்கள்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும் என்று கேட்பீர்கள். பாலியல் தொல்லை என்றால் 2013-ம் ஆண்டுச் சட்டம் தெளிவானது. பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். இந்த மூன்று மாதக் கணக்குத் தெரியாமல் தயங்கியே காலத்தைக் கடத்தியவர்கள் நிறையப் பேர், பெண் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். பாலியல் அல்லாத கொடுமைக்கு, அதாவது கத்துவது, அவமானப்படுத்துவது, ஒதுக்கி வைப்பது ஆகியவற்றுக்கு, இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. ஆனால் மிரட்டலுக்குப் பதில் இருக்கிறது. "நாளையிலிருந்து வராதே" என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ன் 41-வது பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் நீக்க முடியாது. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ராஜினாமாவில் உடனே கையெழுத்துப் போடச் சொன்னால், "வீட்டில் பேசிவிட்டு நாளை சொல்கிறேன்" என்று எழுந்து வாருங்கள். அறைக்குள் வைத்து வாங்குகிற கையெழுத்துக்குத்தான் அவ்வளவு அவசரம்.

ஹெச்.ஆர்.-இடம் போகலாமா என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். போகலாம். ஆனால் ஹெச்.ஆர். கம்பெனியின் ஆள், உங்கள் வக்கீல் இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். "இவர் கெட்டவர்" என்று போனால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். "இந்த நான்கு தேதிகளில் இது நடந்தது, இதனால் இந்த வேலை நின்றது, இதே டீமில் மூன்று பேர் விட்டுப் போனார்கள்" என்று போனால் ஃபைல் திறப்பார்கள். ஆள் போவதும் வேலை நிற்பதும் அவர்கள் கணக்குக் காட்ட வேண்டிய விஷயங்கள்.

இவ்வளவும் ஒரு அளவுக்குத்தான். உடம்பு பேச ஆரம்பித்தால் நோட்டுப் புத்தகத்தை நம்பி உட்காராதீர்கள். வாரக்கணக்கில் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, காரணமில்லாத நெஞ்சுப் படபடப்பு, திடீரென ஏறும் பி.பி., தினமும் வேண்டியிருக்கிற குடி, குழந்தைகள் மேல் பாய்கிற கோபம் என்று வந்தால் டாக்டரிடம் போங்கள். உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். நம் டவர்களில் 55 மணி நேரம் என்பது பலருக்குச் சாதாரண வாரம்.

'இருந்து என்ன பயன்' என்கிற மாதிரி எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அதை ரகசியமாக வைத்துக்கொள்ளாதீர்கள். 14416, டெலி மானஸ். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பும் இருக்கிறது. இந்த எண்ணை லிஃப்டுக்குள் ஒட்டலாம் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். பிளம்பர் நம்பர் ஒட்டுகிறோம், இதையும் ஒட்டலாம்.

கடைசியாக ஒரு விஷயம். இது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். இந்த ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒரு முப்பது பேராவது மற்றவர்களுக்கு மேலதிகாரிகள். அது தவிர, நாம் எல்லோருமே சேர்ந்து ஒரு முதலாளி. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள், லிஃப்ட் பார்க்கும் தம்பி, நம் வீடுகளில் வேலை செய்யும் அம்மாக்கள், இவர்களுக்கு நச்சுச் சூழல் என்றால் அது நாம்தான். நான் முன்னால் சொன்ன சோதனையை அங்கே போட்டுப் பாருங்கள். "சார், டெலிவரி பையனைத் தெரியாமல் உள்ளே விட்டுவிட்டேன்" என்று நம் செக்யூரிட்டி பயமில்லாமல் சொல்ல முடியுமா? போன மாதம் இரவு மூன்று மணிக்குக் கண்ணயர்ந்த ஒருவரைப் படம் எடுத்து, எல்லோரும் இருக்கும் குரூப்பில் போட்டு, நாற்பது பேர் கமென்ட் எழுதினோம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் பத்தாவது மணி நேரம் அது. பத்து பேர் முன்னால் திட்டினால் நமக்கு வலிக்கிறது. இங்கே முந்நூறு குடும்பம் பார்த்தது. எத்தனை பேர் கட்டளை போடுகிறார்கள் என்று எண்ணுங்கள், எதையாவது தானே முடிவெடுக்க அவருக்கு உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். காரசெக் சொன்ன அத்தனையும் நம் மெயின் கேட்டில் இருக்கிறது.

துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் பெண்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நம் பின் கேட்டில் இப்போதும் ஒரு நாற்காலிதான், அதிலும் ஒரு கை உடைந்திருக்கிறது. மின்விசிறி இல்லை.

அதனால் கமிட்டியிடம் மூன்று கோரிக்கை வைக்கிறேன், அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பின் கேட்டுக்கு நாற்காலியும் மின்விசிறியும். ஊழியர் மேல் புகார் என்றால் குரூப்பில் படமாகப் போடாமல், ஆபீஸ் ரூமில் உள்ள பதிவேட்டில் எழுதி மேற்பார்வையாளரிடம் மட்டும் தருவது. ஏஜென்சியோடு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு எவ்வளவு கூடுதலாகும் என்று ஒரு கொட்டேஷன் வாங்குவது. ஃபிளாட்டுக்கு மாதம் எவ்வளவு ஏறும் என்று கணக்கு தெரிந்த பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

நான் தினமும் மாலை ஆறிலிருந்து ஏழு வரை குழந்தைகள் பூங்கா பக்கத்துப் பெஞ்சில் இருப்பேன். வேலை விஷயமாக யாராவது பேச வேண்டுமென்றால் வரலாம். ஹாலுக்கு வராத அந்தத் தம்பியும் வரலாம், அந்த நேரத்தில் அவருடைய மேனேஜர் ஆபீஸில்தான் இருப்பார்.